பிலோமினா த

இரவு பதினொன்று இருபதுக்கு
ஜம்பட்டா வீதியிலிருந்து கசிமீர் அண்ணை எடுத்தார்.
"பிள்ளை, மரண அறிவித்தலில பேர் பாதியில நிக்குது.
லியோனில இருந்து மகன் கத்துறான்."

திறந்தேன்.
மலர் வளையத்துக்குள் படம், தடித்த கண்ணாடி,
சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு.
கீழே
பிலோமினா த
பக்கத்தில், எந்தச் சீட்டுக்கட்டிலும் இல்லாத
கறுப்பு ரூவிதன் ஒன்று
வயிற்றில் கேள்விக்குறியோடு.

ஆங்கிலப் பக்கத்தில் அவர் முழுசாக இருந்தார்.
சிங்களப் பக்கத்தில் அதே வெட்டு.
அதே இடம்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தனி ஆள்.
'த'வுக்கு மூன்று.
அதன் மேல் ஏற வந்த விசிறிக்கு இன்னொரு மூன்று.
முப்பதோடு நிறுத்து என்று எழுதியிருந்தேன்.
எம்பிஸ்ட்ரிங் இருந்தால் எழுத்தை எண்ணும்.
இல்லாத இடத்தில்
பழைய கத்தி பைட்டை எண்ணிக்கொண்டு போய்
விசிறியின் மூன்றில் இரண்டோடு இறங்கிவிடுகிறது.

நேற்று வரை ஏழு புள்ளி நாலு.
இன்று எட்டு புள்ளி ஒன்று.
மாதம் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு
முந்நூறு தளங்களோடு ஒரே சேர்வரில் குடியிருக்கிறோம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஹோமாகமவில் ஒரு டயர்க்கடையாக இருக்கலாம்,
தெஹிவளையில் ஒரு நடன வகுப்பாக இருக்கலாம்.
வீட்டுக்காரன் இரவோடிரவாகப் பூட்டுகளை மாற்றிவிட்டுப்
புதுக் கொத்தைத் தந்திருக்கிறான்.
ஒரு சாவி குறைகிறது.

ஊதா நிற அட்டவணையில் விரல் வைத்துத் தேடினேன்,
பள்ளிச் சுவரில் ஒட்டிய பெறுபேற்றில் தேடுவதுபோல.
லிப்எக்ஸ்எம்எல்.
மைஎஸ்கியூஎல்ஐ.
நடுவில் இருக்கவேண்டிய பிள்ளை இல்லை.
கட்டுப்பாட்டுப் பலகையில் அதன் பெட்டி
சாம்பல் நிறத்தில்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
வெள்ளவத்தைக் கடற்கரையால் கடைசி ரயில் போனது,
மேசையில் கோப்பை நடுங்கிற்று.

டிக்கெட் போட்டேன்.
டில்ருக் என்றொருவர் வந்தார்.
உங்கள் பொதியில் அந்த வசதி கிடையாது, மேடம்,
மேல் பொதிக்கு மாறலாம்,
இணைப்பு இதோ.
நான் வாதாடவில்லை.
சிங்களப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.
நான்கு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு, ஆங்கிலத்தை விட்டுவிட்டு,
பொட்டக் இன்ன.

அந்தப் பொட்டக்கில்தான்
என் நிரலை மேலிருந்து படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
நீட்சி இல்லையென்றால் பழைய வெட்டை எடுத்துக்கொள்.
மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதியது.
பக்கம் விழுந்துவிடக்கூடாதே என்ற கெட்டித்தனம்.
விழுந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.
விழவில்லை.
மலரும் படமும் பிசகாமல்,
நாள் முழுக்க
சத்தமில்லாமல் பேர்களை நறுக்கியது.
இன்றைக்கு ஐந்து அறிவித்தல்கள்.
மற்ற நாலு வீட்டிலும் ஒருவரும் எடுக்கவில்லை.
அதை யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று நாற்பத்தேழுக்குப் பெட்டி நீலமானது.
மறுபடி ஏற்றினேன்.
பிலோமினா திரேசம்மா.
ம்மாவின் கால் வரைக்கும்.

"ஓம், இப்ப சரி," என்றார் கசிமீர் அண்ணை.
"நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கினம், மாதம்பிட்டிக்கு.
எவ்வளவு பிள்ளை?"
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

டில்ருக்குக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டது திரை. கொடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டுக்குத் திரும்பினேன்.
அழித்தால், அடுத்த முறை வெள்ளைப் பக்கம்,
யாருடைய செத்தவீட்டிலோ.
விட்டால், மறுபடி கத்தி.
மூன்றாவதாக ஒன்று எழுதினேன்:

நீட்சி இல்லையென்றால்
வெட்டாதே.

நீளமான பேர்கள்
மலர் வளையத்தைத் தாண்டி வெளியே வரும்.
வரட்டும்.
அசிங்கமாகத்தான் இருக்கும்.